பருந்துக்கு என் முகம் தெரியும்

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். யாரோ செங்கல்லால் எறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தால் விரலெல்லாம் ரத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பருந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. போவதற்காகத் திரும்பவில்லை, இரண்டாவது அடிக்காகத் திரும்பியது. மாவுப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். தலை முழுக்க வடக மாவும் ரத்தமுமாக வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து என் கணவர் சிரித்தார். பருந்து அவரையும் அடித்திருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

புனேயில் விஷ்ராந்த்வாடியில் நாங்கள் இருப்பது நாலு மாடிக் கட்டடம். பின்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் மேல்கிளை ஒன்று மொட்டை மாடிச் சுவருக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது. அந்தக் கவட்டையில் பருந்து ஜோடி கூடு கட்டியிருந்தது. தை பிறந்ததிலிருந்து மாடிக்குப் போனவர்கள் எல்லாரும் அடி வாங்கினார்கள். கேபிள்காரருக்குக் கழுத்தில் கீறல். சோலார் தகடு துடைக்க வந்தவர் துடைக்கும் நீளக் கம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடியவர், திரும்பி வரவே இல்லை. கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் கூட்டைக் கலைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

என்னை அடித்தவர்களை நான் சும்மா விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சடையைப் பிடித்து இழுத்தவனின் காதைக் கடித்து வைத்தவள். ஆனால் பருந்தின் காதை எங்கே போய்த் தேடுவது? என்னிடம் ஒரு கேமரா இருந்தது. சில வருஷமாகப் பறவைப் பைத்தியம். அதுவரை நான் எடுத்ததெல்லாம் பறவைகளின் முதுகுப் படங்கள்தான். பக்கத்தில் போனால் எல்லாம் திரும்பிக்கொண்டு பறந்துவிடும். இந்த ஒரு பறவைதான் பயப்படாமல் என்னைப் பார்த்து வந்தது. அப்படியானால் இதன் முகத்தை எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். கண்ணின் ஈரம் தெரிகிற அளவு கிட்டத்தில் எடுக்க வேண்டும். மறுநாள் காலை கணவரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேலே போனேன்.

அதற்கு முன் கட்டடச் செயலாளரைப் பார்த்துப் பேசினேன். ஓய்வு பெற்ற மராட்டியர், நல்ல மனிதர், சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். குஞ்சு பறக்கிறவரை மாடியைப் பூட்டி வைக்கலாம், சாவி என்னிடம் இருக்கட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனி ஒரு ஆள் தலையில் ரத்தம் வந்தாலும் அன்றைக்கே ஆள் வைத்துக் கிளையை வெட்டிவிடுவேன் என்றார். கையடித்துச் சம்மதித்தேன்.

முதல் வாரம் முழுக்க ஹெல்மெட்டில் டங் டங் என்று அடி. உள்ளே என் பல் கிட்டித்தது. போகப் போகச் சில விஷயம் பிடிபட்டது. பருந்து பின்னாலிருந்துதான் அடிக்கும். அதனால் முதுகைத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும். ஒரே உடுப்பு, ஒரே மஞ்சள் துப்பட்டா. கதவைத் திறக்கும்போது அதற்குக் கேட்கிற மாதிரி ஒரு தரம் இருமிவிட்டுத் திறக்க வேண்டும். கண்ணை நேராகப் பார்க்கவே கூடாது. பார்த்தும் பார்க்காத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முக்கியமானது இது: அது கழுத்து இறகைச் சிலிர்க்கும்போதே எழுந்து போய்விட வேண்டும். கத்தின பிறகு எழுந்தால் தாமதம். அடி குறைந்த பிறகு நாற்காலியை ஒரு நாளைக்கு ஒரு சாண் கூட்டுப் பக்கம் நகர்த்துவேன். சில நாள் அதுவும் அதிகம் என்று தெரிந்து பின்னால் இழுத்துக்கொள்வேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் இத்தனை பொறுமையாக இருந்தது கிடையாது.

கூட்டில் நடந்தது எதுவும் பார்க்க அழகாக இல்லை. ஆண் பருந்து எலியை உயிரோடு கொண்டுவந்து போடும். எலி கத்திக்கொண்டே இருக்கும்போது பெண் பருந்து அதன் வயிற்றைத் திறக்கும். புறாக் குஞ்சு, ஓணான், கோழிக்கடை வாசலில் பொறுக்கிய குடல் எல்லாம் வரும். இரண்டு குஞ்சு பொரிந்தது. பெரியது சின்னதின் தலையை அலகால் கொத்திக்கொண்டே இருந்தது. தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன். ஒரு நாள் காலையில் சின்னது அசையவில்லை. அன்று பகலில் தாய் அதையே கிழித்துப் பெரியதற்கு ஊட்டியது. அந்தப் படத்தையும் எடுத்தேன். அது கலங்கலாகத்தான் வந்தது.

இதற்கு நடுவில் அடி நின்றுபோயிற்று. முதலில் தலைக்கு மேலே வந்து உரசாமல் போயிற்று. பிறகு வருவதே இல்லை. ஒரு நாள் தைரியம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பெண் பருந்து சுவர் மேல் வந்து உட்கார்ந்தது. கை நீட்டினால் தொடலாம். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு இறக்கையைக் கோத ஆரம்பித்தது. கேமராவை எடுக்க மறந்துபோய் அழுதுகொண்டிருந்தேன். என் கணவர் காதலைச் சொன்ன அன்றுகூட நான் அழுததில்லை.

கணவர் புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் உதிரிபாகம் செய்கிற ஆலையில் பொறியாளர். ஊர் ஈரோட்டுப் பக்கம். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு அத்தையைத் தனியாக விட முடியாமல் இங்கே அழைத்து வந்திருந்தோம். மாமனாரை எனக்கு அதிகம் தெரியாது. அரிசி மண்டி வைத்திருந்தவர், ஊரில் நல்ல மரியாதை. நாங்கள் போனால் இரண்டு நாள் இருப்போம். ‘வா அம்மிணி’ என்பார், அவ்வளவுதான் பேச்சு. அத்தைக்கு இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். கல்யாணமான புதிதில் கேட்டதற்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தது என்றார்.

அத்தைக்கு என் பருந்து விவகாரம் விளங்கவே இல்லை. ஒரு நாள் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டே கேட்டார்.

“மண்டைய ஒடச்ச பட்சிகிட்டப் போயி என்ன அம்மிணி ஒறவு?”

எனக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே நேரம், ஒரே துப்பட்டா, கதவைத் திறக்கும் முன் இருமுவது, முதுகைத் தொட்டிச் சுவரோடு வைப்பது, கழுத்து சிலிர்த்தால் எழுந்து போய்விடுவது. பெருமை பொங்கப் பொங்கச் சொன்னேன்.

“அப்பறம்?” என்றார்.

“அப்பறம் என்னங்க அத்தை, பழகிருச்சு. இப்ப அடிக்கறதே இல்லை.”

அத்தை ஒரு காயை எடுத்து நாரைக் கிள்ளினார். “கண்ணப் பாக்கக் கூடாது. செரிதான்” என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பேச்சில் சுவாரசியம் இல்லை என்று நினைத்து எழுந்து போய்விட்டேன்.

பங்குனியில் மாமனாரின் முதல் வருஷத் திதி வந்தது. குஞ்சுக்கு இறக்கை முளைத்துக் கூட்டின் ஓரத்தில் நின்று அடித்துப் பார்க்கிற சமயம். இன்னும் கொஞ்ச நாளில் பறந்துவிடும். கணவர் விடியற்காலையில் ஆளந்திக்குப் போய் இந்திராயணி ஆற்றங்கரையில் திதி கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் படையல். மாமனாருக்குப் பிடித்த உளுந்து வடை, பச்சைப்பயறு கடைசல், பாயசம் எல்லாம் இலையில் வைத்தாயிற்று. இனி காக்காய் எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிட முடியும்.

காக்காய்க்கு எங்கே வைப்பது? புனேயில் எல்லா வீட்டுப் பால்கனியிலும் புறா வராமல் இருக்க நைலான் வலை அடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், ஒரு குருவிகூட நுழையாது. கீழே வைத்தால் நாய் தின்னும். மொட்டை மாடிதான் ஒரே இடம் என்று அத்தை சொல்லிவிட்டார்.

“அத்தை, வேண்டாங்க. காக்காயும் பருந்தும் ஜென்ம விரோதி. கூட்டுக்குப் பக்கத்துல போயி காக்காயக் கூப்புடறதா?”

“மொத வருசம் அம்மிணி. வெக்காம எப்புடி வுடறது?”

“செரி, நான் கொண்டுபோயி வெச்சுட்டு வர்றனுங்க. என்னைய ஒண்ணும் பண்ணாது.”

“மகன்தான் வெக்கோணும்.”

கணவரிடம் ஹெல்மெட்டைக் கொடுத்தேன். அப்பனுக்குச் சோறு வைக்கிறவன் தலையில் இதை மாட்டிக்கொண்டா போவான் என்று அத்தை பிடுங்கி வைத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் மஞ்சள் துப்பட்டாவை எடுத்து அவர் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டேன். அவரை நான்தான் என்று பருந்து நினைக்கட்டும். ஆலையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், ஈர வேட்டி, வெற்று மார்பு, மஞ்சள் முக்காடோடு இலையைத் தாங்கிக்கொண்டு படியேறினார். நான் கதவருகில் நின்று வழக்கம்போல இருமினேன்.

வேடிக்கை என்னவென்றால் அது பலித்தது. பெண் பருந்து கூட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னையும் பார்த்தது. கழுத்தைச் சிலிர்க்கவில்லை. கணவர் இலையைச் சுவர் மேல் வைத்துத் தண்ணீர் சுற்றினார். இப்படியே இறங்கி வந்துவிடலாம் என்று நான் கையைக் காட்டினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அத்தை குரலெடுத்தார்.

“கா... கா... கா...”

“அத்தை, கூப்புடாதீங்க!”

“கூப்புடாம எப்புடி வருவாரு?” என்று கேட்டுவிட்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

விஷ்ராந்த்வாடிக் காக்காய் எல்லாம் அங்கேதான் காத்திருந்ததோ என்னவோ. சுவர் கறுத்துப்போயிற்று. ஒன்று இலையில் இறங்கி வடையைக் கவ்வியது. அத்தை கை கூப்பினார். அதே நேரத்தில் இரண்டு காக்காய் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கூட்டுக்குப் போய்க் குஞ்சின் இறக்கையைப் பிடித்து இழுத்தன. குஞ்சு வீறிட்டது.

பெண் பருந்து வந்த வேகத்தில் இலை பறந்தது. வடையைக் கவ்விய காக்காய் அதன் நகத்துக்குள் இருந்தது. சுவர் மேலேயே வைத்து அழுத்தி, அது கதறக் கதற நெஞ்சைக் கிழித்தது. சோற்றின் மேல், பாயசத்தின் மேல் எல்லாம் ரத்தமும் கறுப்பு இறகும். ஆண் பருந்து என் கணவர் மேல் பாய்ந்தது. முக்காடு எங்கோ போயிற்று. அவர் காதைப் பிடித்துக்கொண்டு அலறினார். விரலிடுக்கில் ரத்தம் கொட்டியது. காது மடல் கீழே இரண்டாகப் பிளந்து தொங்கியது.

“அப்பா!” என்று கத்தினார். கிழிந்து கிடந்த காக்காயைப் பார்த்துத்தான் கத்தினார். கத்திக்கொண்டே மூலையில் கிடந்த சோலார் துடைக்கும் கம்பை எடுத்தார்.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சமையலறையில் கரப்பான் வந்தால்கூடக் கதவைத் திறந்துவிட்டு வெளியே விரட்டுகிறவர். கம்பை ஓங்கிக் கூட்டின் மேல் அடித்தார். முதல் அடி கிளையில் பட்டது. இரண்டாவதில் கூட்டின் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. குஞ்சு மிச்சக் குச்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. நான் ஓடிப்போய்க் கம்பைப் பிடித்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினார். சோலார் குழாயின் மேல் போய் விழுந்தேன். ‘கொன்னுருவேன்’ என்று அவர் சொன்னது பருந்துக்கா எனக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது தரம் கம்பு ஓங்கியபோது அத்தை வெளியே வந்தார். தலைக்கு மேல் இரண்டு பருந்தும் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன. தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. நடந்து வந்து மகனுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். மகன் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்புடியே உங்கப்பன்” என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கணவர் சூடுபட்டவர் போலக் கம்பைக் கீழே போட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி எடுத்துவிடப்போகிறாரே என்று நான் எழுந்து கம்பை எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் பாதி சரிந்த கூடு, என் கையில் கம்பு. பெண் பருந்து சுவரில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இத்தனை நாள் கை நீட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து இறகு கோதிய அதே பருந்து. இந்த முறை பின்னாலிருந்து வரவில்லை. நேராக முகத்துக்கு வந்தது. நான் எடுக்க ஆசைப்பட்ட முகம், கண்ணின் ஈரம் தெரிகிற தூரத்தில், ஒரு நொடி. பிறகு புருவத்தில் நெருப்பு வைத்தது போல இருந்தது.

படியில் இறங்கும்போது சத்தம் கேட்டுச் செயலாளர் ஏறி வந்துகொண்டிருந்தார். என் கணவர் காதைத் துண்டால் பொத்தியிருந்தார், எனக்கு ஒரு கண் முழுக்க ரத்தம். எனக்குக் கிளை வெட்டுகிற சத்தமே கேட்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளையாக அதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தோம்.

“பாபி, யே க்யா ஹுவா?” என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டார்.

ஹிந்தி தெரியாத அத்தைதான் முன்னால் வந்தார். “பாத்ரூம்” என்றார். கையால் வழுக்கிக் காட்டினார்.

“தோனோ?” என்று இரண்டு விரலைக் காட்டினார் செயலாளர்.

“ரெண்டு பேருந்தான். இவன் மொதல்ல வழுக்கி வுழுந்தான். தூக்கப் போன இவளும் சேந்து வுழுந்துட்டா. குழாய் முக்குல பட்டுருச்சு. சொல்லு அம்மிணி அவுருக்கு.”

ஒரு இமை அசையவில்லை. எது முதலில், எது பிறகு, எதில் பட்டது என்று கேள்வி வருவதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அப்படியொரு சரளம் திடீரென்று யாருக்கும் வராது. நான் ஹிந்தியில் மாற்றிச் சொல்லிக்கொண்டே அத்தையின் கோணல் மணிக்கட்டைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் தையல் போட்ட பெண் டாக்டருக்கும் அதே கதையைத்தான் சொன்னோம். கணவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. சரியாக இருக்கிறது என்றேன். நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையிடம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டிருப்பார்களா என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டர் ஊசி வலி என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பசி குடலைப் பிடுங்கியது. “காக்கா எடுக்கலியேம்மா” என்றார் கணவர், குரலே இல்லாமல்.

“எடுத்தாச்சு. ஒக்காருங்க” என்று அத்தை இலை போட்டார். சோற்றை வைத்துக்கொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “அந்த மனுசன் காக்காயாவா வந்திருப்பாரு?” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கணவரும் சிரிக்கவில்லை. கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். வலித்தது.

கூட்டைப் பருந்துகளே குச்சி கொண்டுவந்து சரிசெய்துகொண்டன. கிளை பிழைத்தது. நான் தையல் பிரித்ததும் மாடிக்குப் போனேன். அதே நேரம், அதே துப்பட்டா. கதவருகில் இருமினேன். இருமின சத்தத்துக்கே பெண் பருந்து கிளம்பி வந்தது. தொட்டியில் முதுகை வைத்தாலும் விடவில்லை, முன்பக்கமாக வந்து ஹெல்மெட்டின் கண்ணாடியில் நகத்தால் அடித்தது. கணவர் வந்து தூரத்தில் நின்றார், அவரை ஒன்றும் செய்யவில்லை. கூட்டை அடித்தவர் அவர். கம்போடு அது பார்த்த முகம் என்னுடையது. ஒரு பறவையிடம் போய் நியாயம் கேட்க முடியாது என்று தெரியும். ஆனாலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உனக்காக அடி வாங்கினவள் நான்தானே என்று அதைப் பார்த்துத் தமிழில் கத்தினேன்.

ஒன்று மட்டும் கிடைத்தது. நேராக என் முகத்துக்கு வருவதால் நேராகப் படம் எடுக்க முடிந்தது. பழகிய நாளெல்லாம் கிடைக்காத படம் அது. விரித்த நகம், திறந்த அலகு, உள்ளே நாக்கு, கண்ணின் பழுப்பில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண். அந்த வாரமே குஞ்சு பறந்துபோயிற்று.

படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு அத்தையிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத்தன மாசம் பழகியும் பாருங்க அத்தை, எப்புடி வருது.”

“பழகிருச்சுன்னு நாமளா நெனைச்சுக்கறதுதான்” என்றார். படத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். “உனக்குப் பரவால்ல அம்மிணி. அடிச்சா எறங்கி வர்றதுக்குப் படி இருக்குது” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார்.